பச்சைத் தினை

தேன்வரை மலையின் மேல்காட்டில் வெள்ளைத்தாயாரின் நாள் சாணம் அள்ளுவதில்தான் விடிந்தது. எருமைக் கொட்டிலைக் கூட்டி, எருவைத் தினைக்காட்டில் கொட்டி, கை கழுவியபின் மூங்கிலடிக்கு வருவார். பிளந்த மூங்கில்களை ஒன்றோடொன்று பொருத்தி, அவரும் கணவர் பெத்தணரும் ஊற்றுத் தண்ணீரைக் குடிசைவரை கொண்டுவந்திருந்தார்கள். முதல் குடம் வீட்டுக்குக் கிடையாது. வேங்கை மரத்தடியில் நட்டிருந்த வேலுக்கு ஊற்றுவார். பிறகு அதன்முன் ஒரு கைப்பிடித் தினை வைப்பார். வேகாத தினை.

"பச்சையாத்தான் திங்கணும். என்னைக்கு எனக்கு நியாயம் குடுக்கிறியோ, அன்னைக்குப் பொங்கி வைக்கிறேன்."

பதினோரு வருடமாக அவருக்கு இதுதான் பூசை, இதுதான் மந்திரம்.

முன்பு அவர் அடிவாரத்து முருகன் கோயில் வாசலைக் கூட்டிவந்தார். மலைச்சனத்தைப் படியேற விடமாட்டார்கள். ஒருநாள் கோயிலின் வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனது. தர்மகர்த்தா தில்லைநாயகம் யாரையும் விசாரிக்கவில்லை. வாசல் கூட்டுகிறவளின் புருஷன்தான் எடுத்திருப்பான் என்று, வாசல் கல்தூணில் பெத்தணரைக் கட்டிவைத்து, ஊர் பார்க்க அடித்தான். அன்றோடு அவருடைய வலது கை நிமிராமல் போயிற்று. மூன்றாம் நாள் கிண்ணம் மடப்பள்ளி அரிசிப் பானைக்குள்ளேயே கிடந்தது.

"அதான் கெடைச்சிருச்சுல்ல? போயி வேலையப் பாரு" என்றான் தில்லைநாயகம்.

வெள்ளைத்தாயார் விளக்குமாற்றை அவன் காலடியில் எறிந்தார். கணவரையும் கைக்குழந்தை ராக்கம்மாவையும் கூட்டிக்கொண்டு மலையேறினார். ஊர் சிரித்தது.

"எட்டு நாள் தாங்குவாளா? உப்புக்கு எறங்கி வருவா பாரு!"

உப்புக்கு இறங்கத்தான் செய்தார், வருடத்துக்கு இரண்டு முறை. தேனைக் கொடுத்து உப்பை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் ஏறிவிடுவார். மண்சுவரும் புல்கூரையும் அவர்கள் எழுப்பியவை. தினை, சாமை, மொச்சை எல்லாம் அவர்கள் விதைத்தவை. விளக்குக்கு ஆமணக்கெண்ணெய். பெத்தணர் இடது கையாலேயே கூடை முடையப் பழகிக்கொண்டார்.

"சாமிகிட்டப் போயி தெனமும் ஏன்டி சண்ட போடுற?" என்று ஒருமுறை கேட்டார் அவர்.

"சண்ட போட நமக்கு வேற யாரு இருக்கா?"

பதினோராம் வருடம், பங்குனி உத்திரத்துக்கு எட்டு நாள் முன்பு, தில்லைநாயகம் ஆட்களோடு ஊற்றுக்கு வந்தான். உத்திரத்தன்று மூலவருக்கு அந்த ஊற்றுத் தண்ணீரில்தான் அபிஷேகம். அதைக் குழாயில் இறக்கினால் தன் காபித் தோட்டமும் நனையும் என்பது அவன் கணக்கு. மலைச்சனம் ஊற்றின் கண்ணில் கை வைக்காது. பக்கத்தில் குழி தோண்டி, வழிகிற தண்ணீரைத்தான் மொள்ளும். சொட்டும் வீணாகக் கூடாதென்று அவன் கண்ணைச் சுற்றியே சிமெண்டைக் கொட்டி இறுக்கித் தொட்டி கட்டினான்.

மூங்கில் காய்ந்தது. பள்ளத்து ஓடைக்குப் போய்வர அரை நாள் ஆனது. எருமை பால் மறந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் இறங்கித்தான் ஆகவேண்டும். அதற்காகவே காத்திருந்தவன் போல ஆள் அனுப்பினான்: "கீழ வரச் சொல்லு. வாசல் கூட்ட ஆளில்ல."

வெள்ளைத்தாயார் வேலின்முன் தினையை மட்டும் வைத்தார். "இனிமே உனக்கும் தண்ணி கெடையாது. நீயும் தவிச்சுப் பாரு."

ஏழாம் நாள் காலையில் ராக்கம்மாதான் கத்தினாள். "யம்மா, சாமி காலு நனைஞ்சிருக்கு!" அடைபட்ட ஊற்று மலைக்குள் வேறு வழி தேடி, வேலின் அடியைப் பிளந்துகொண்டு பொங்கியது. தில்லைநாயகத்தின் குழாயில் வெறும் காற்று வந்தது.

மறுநாள் உத்திரம். கோயிலில் கூட்டம் நிற்க, அவன் குடத்தோடு மூச்சிரைக்க மலையேறி வந்தான்.

"ஆத்தா, ஒரு கொடம் தண்ணி..."

"எங்கிட்டக் கேக்காத. அவருகிட்டக் கேளு."

பெத்தணர் மடங்கிய கையை முன்னால் நீட்டிக் காட்டினார்.

"அதே தூணுல நிக்கணும். அதே ஊரு கேக்கணும்" என்றார் வெள்ளைத்தாயார். "தெரியாம அடிச்சேன்னு சொல்லக் கூடாது. கேக்க ஆளில்லன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன்னு சொல்லணும்." வேலடியில் குடத்தை நிறைத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கணவரோடும் மகளோடும் அவன் பின்னால் கோயில் வாசலுக்கு இறங்கினார்.

சொன்னான். கையைப் பின்னால் கட்டி, தூணில் முதுகு ஒட்ட நின்று, ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னான். பின்வரிசையில் நின்ற ஒருவர், "காதுல விழல, இன்னொருக்கா சொல்லு" என்றார். இன்னொருமுறையும் சொன்னான். அதுவரை வெள்ளைத்தாயார் குடத்தைக் கீழே இறக்கவில்லை.

பிறகு பெத்தணர் அதை இடது தோளில் வாங்கிக்கொண்டு கோயில் படியேறினார். மனைவியும் மகளும் பின்னால் ஏறினார்கள். தடுக்க ஒரு நாக்கும் அசையவில்லை.

அபிஷேகம் முடிந்து திரை விலகியது. பூசாரி திகைத்துத் திரும்பினார். "யாருய்யா இதை வச்சது?" முருகனின் உள்ளங்கையில் ஒரு கைப்பிடிப் பச்சைத் தினை இருந்தது. யாரும் வைக்கவில்லை.

வெள்ளைத்தாயார் அந்தக் கையைப் பார்த்து முந்தானையை ஏந்தினார். "மிச்சம் வச்சிருக்கியா? சரி, குடு. வேகவச்சுத் தாரேன்" என்றார்.

அன்று மேல்காட்டில் முதன்முறையாக வேலின்முன் பொங்கல் பொங்கியது. இறைவனையே பதினோரு வருடம் பச்சைத் தினையோடு காக்கவைத்த வெள்ளைத்தாயாரின் திருவடி வாழ்க.