கரடியார் கீறிய வழிப்பட்டியல்

ஐப்பசி மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை. காலையில் இளவெயில் அடித்தது. நண்பகலில் மேற்கு மலையின்மேல் மேகம் கறுத்துத் திரண்டது. ஆயினும் காட்டுக்குள் ஒரு துளியும் விழவில்லை.

காட்டின் நடுவே நின்ற தேக்கமரத்தடியில் கூர்நகனார் என்னும் கரடியார் பெருமிதத்துடன் அமர்ந்திருந்தார். அந்த மரத்தில் அவர் தம் நகத்தால் கீறிய வழிப்பட்டியல் இருந்தது: மலையுச்சி மந்தி, தேக்கமரக் கரடி, புற்றடி மயில், நாவலடிப் பன்றி, ஆற்றுமணல் முள்ளம்பன்றி.

அந்தக் காட்டில் செய்திகள் குரல்வழியே சென்றன. எவர் குரலும் ஒரு கூப்பிடு தூரத்துக்கு மேல் எட்டாது. ஆகவே ஒருவர் தாம் கேட்டதை அடுத்தவருக்குக் கூவுவார். அவர் தமக்கு அடுத்தவருக்குக் கூவுவார். யாருக்கு அடுத்து யார் என்பதை அறிந்து வைத்திருப்பது செவ்விழி என்னும் செம்போத்தின் வேலை. நாழிகைக்கு ஒருமுறை அவள் புதருக்குள் இருந்தபடியே, "யார் இருக்கிறீர்கள்?" என்று கூவுவாள். கேட்டவர்கள், "இருக்கிறேன்" என்பார்கள். தமக்கு அருகில் இருப்பவர்களின் பெயரையும் சொல்வார்கள். மூன்று முறை விடை தராதவரின் பெயரை அவள் மறந்துவிடுவாள்.

இந்தக் கூவல் புலியரசரின் பகல் தூக்கத்தைக் கெடுத்தது. கூர்நகனார் அந்த வாய்ப்பை நழுவவிடவில்லை. வழியை மரத்தில் ஒருமுறை கீறிவிட்டால் ஓயாமல் கூவ வேண்டியதில்லை என்று அரசரிடம் விண்ணப்பித்தார். அரசர் கொட்டாவி விட்டபடியே ஒப்புக்கொண்டார். ஆவணி மாதத்தோடு செவ்விழியின் வாய் அடைபட்டது.

வேலம்மை என்னும் முள்ளம்பன்றி ஒருத்திதான் கவலைப்பட்டாள். வறண்ட ஆற்றின் மணற்கரை வளையில் அவள் மூன்று குட்டிகளுடன் வாழ்ந்தாள். கூவல் நின்றுவிட்டதால் மழைக்கு முன்பே மேட்டுக்குக் குடிபோக நினைத்தாள். கூர்நகனார் சிரித்தார்.

"எல்லார் பெயரையும்விட உன் பெயரைத்தான் ஆழமாகக் கீறியிருக்கிறேன், வேலம்மா. வெள்ளம் வந்தால் உனக்குச் செய்தி வராமல் போகுமா?"

அவள் நம்பினாள், வளையிலேயே தங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை பிற்பகலில் மலையுச்சி மந்தி கத்தியது. மலைக்கு அப்பால் பெருமழை. ஆற்றில் வெள்ளம் புறப்பட்டுவிட்டது. ஒரு நாழிகைக்குள் மணற்கரையை எட்டிவிடும் என்பது செய்தி.

கூர்நகனார் பதறவில்லை. பட்டியலைப் படித்தார்; புற்று இருந்த திசையை நோக்கி நின்றார்; செய்தியை மூன்று முறை திருத்தமாக முழங்கினார். விடை வரவில்லை. மயில் அடக்கமான பறவை என்று எண்ணிக்கொண்டார். 'செய்தி சேர்ந்தது' என்று மரத்தில் கீறிவிட்டு அமர்ந்தார்.

புதருக்குள் இருந்து செவ்விழி எட்டிப் பார்த்தாள். "கரடியாரே, மயில் அங்கே இல்லை."

"மயில் புற்றடியில்தான் இருக்கிறது. பட்டியலைப் பார்."

"மயில் தின்பது கறையானை. அந்தப் புற்றின் கறையானைப் போன மாதம் ஒன்றுவிடாமல் உறிஞ்சியவர் யார்?"

கூர்நகனார் வாயைத் துடைத்துக்கொண்டார். அது அவரேதான்.

அப்பொழுதுதான் அவருக்கு வேலம்மையின் நினைவு வந்தது. ஆழமாகக் கீறிய அந்தப் பெயரை நோக்கினார்; துள்ளி எழுந்தார். ஓடிப்போகலாம் என்றால் கரடியின் நடைக்கு ஆறு மிகத் தொலைவு. செம்போத்தோ புதர்விட்டுப் புதர் தாவுமேயன்றி நெடுந்தூரம் பறவாது. நீ கூவு என்று அவளைக் கெஞ்சினார்.

"எனக்குத் தடை இருக்கிறது. தடை வாங்கித் தந்தவர் நீங்கள். நீங்களே கூவுங்கள்."

கூர்நகனார் தொண்டையைச் செருமினார். தாம் நிறுத்தச் செய்த அதே சொற்களைக் காடு அதிரக் கத்தினார்.

"யார் இருக்கிறீர்கள்?"

கிழக்கே இருந்து ஓர் உறுமல் வந்தது. "நான் இருக்கிறேன். உறங்கிக்கொண்டிருந்தேன்."

புலியரசர்! பழைய இடத்தில் எறும்புத் தொல்லை என்று அவர் நான்கு நாள்களுக்கு முன்பே இடம் மாறியிருந்தார். பட்டியல் அதை அறியவில்லை. கூர்நகனார் செய்தியைக் கூவிச் சொன்னார். அரசர் எழுந்தார், சினத்தை அடக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பி, யார் இருக்கிறீர்கள் என்று கர்ச்சித்தார். புலி கேட்டால் யார் இருப்பார்கள்? கடைசியில் ஒரு புதருக்குள் இருந்து மெல்லிய குரல் எழுந்தது.

"நான் இல்லை, அரசே."

"இல்லாத முயலே, வேலம்மையை மேட்டுக்குப் போகச் சொல். வெள்ளம் வருகிறது."

முயல் கூவியது, கூவியதோடு நில்லாமல் ஓடவும் செய்தது. ஆற்றை நோக்கி ஓடியது என்பதைவிடப் புலியைவிட்டு ஓடியது என்பதே சரியாகும். எப்படியாயினும் குரல் மணற்கரையை எட்டியது. வேலம்மை ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விப் பாறைமேட்டில் ஏற்றினாள். மூன்றாம் குட்டியுடன் அவள் ஏறியபொழுது வளைக்குள் தண்ணீர் புகுந்தது.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. வளை இருந்த இடம் தெரியவில்லை. வேலம்மை பாறைமேட்டிலேயே புதிய வளை தோண்டினாள். மண்ணை அள்ளிக் கொட்டியவர் கூர்நகனார். அவரிடம் அவள் தை மாதம்வரை பேசவில்லை. அரசர் தடையை நீக்கினார். செவ்விழி மீண்டும் நாழிகைக்கு ஒருமுறை கூவினாள். அரசர் தம் பங்குக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உறங்கினார்.

இடம் மாறி வாழ்வோரிடையே, நேற்று அறிந்ததை நம்பியிருப்பவர் வழி தவறுவர். இன்றும் கேட்டறிபவரே வழி காண்பர்.