மச்சில் இருந்த கன்னி

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துது. ஆளுங்களைச் சொல்றதுக்கு முன்னால வீட்டைச் சொல்லணும். ஏன்னா அங்க ஆளுங்களை விட வீட்டுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி. தேக்குத் தூணு, நடுவுல முற்றம், அதைத் தாண்டி அரங்கு வீடு. அரங்கு வீடுன்னா சன்னலே இல்லாத உள்ளறை. நெல்லு, பாத்திரம், சாமி எல்லாம் அங்கதான். அதுக்கு மேல ஒரு மச்சு. மச்சுக்கு ஏறுற மரப்படியில பகல்லயும் இருட்டு. கால் வச்சா "கிறீச்"ங்கும்.

ம் கொட்டு. நீ ம் கொட்டாட்டி கதை படியிலயே நின்னுடும்.

அந்த வீட்டுக்கு சுடர்க்கொடின்னு ஒரு பொண்ணு வந்து சேந்தா. அம்மா எப்பவோ போயாச்சு. அப்பா சின்னத்துரை மஞ்சக்காமாலையில போனாரு. அப்போ அவ பன்னண்டாவது முடிச்சு, டவுன் காலேஜ்ல இடமும் வாங்கியிருந்தா. அப்பாவோட அண்ணன் ஆவுடையப்பன் வந்து, "நம்ம வீடு இருக்கையில நீ ஏன் தனியாக் கிடக்கணும்?"னு கூட்டிட்டு வந்துட்டாரு. நல்ல வார்த்தைதான். நல்ல வார்த்தையைத்தான் முதல்ல தட்டிப் பாக்கணும், ஆனா அந்த வயசுல அது யாருக்குத் தெரியுது?

வந்த அன்னிக்கே சுடர் கேட்டா. "பெரியப்பா, காலேஜுக்கு எப்போ போறது?"

"அதை நான் சொல்ல முடியாதுட்டி. கன்னிகிட்ட கேக்கணும்."

"எந்தக் கன்னி?"

அவர் அண்ணாந்து மச்சைப் பாத்தாரு.

கல்யாணம் ஆகாம செத்துப்போன பொண்ணை அந்தப் பக்கத்துல வீட்டுச் சாமியா வச்சுக் கும்பிடுவாங்க. அதுதான் கன்னி. உத்தரத்துல ஒரு ஓலைப்பெட்டி தொங்கும். ஆடி கடைசி வெள்ளிக்கு அதுல புதுப் பாவாடை, தாவணி, ரவிக்கை, கண்ணாடி வளையல், சாந்து எல்லாம் வைப்பாங்க. போன வருஷத்துத் துணியை எடுத்து அந்த வீட்டுப் பொண்ணுக்குக் கட்டி விடுவாங்க. உயிரோட இருந்தப்போ ஒரு வளையல் கேட்டிருந்தா அதட்டியிருப்பாங்க. செத்தப்புறம் பெட்டி பெட்டியா வரும்.

இந்த வீட்டுக் கன்னி பேரு வடிவு. பெரியப்பாவுக்குத் தங்கச்சி. சுடர் பிறக்கிறதுக்கு முன்னாலயே, பதினாறு வயசுல, காய்ச்சல்ல போயிட்டாளாம். வேற வீட்டுல இல்லாத ஒரு வழக்கமும் இங்க உண்டு. கன்னி மச்சில குடியிருக்காளாம், அவ பெட்டியும் அங்கதான். தினம் மத்தியானம் பெரியம்மா உலகம்மை ஒரு தட்டுல சோறு கொண்டு போய் வச்சுட்டு வருவாங்க. வேற யாரும் படி ஏறக் கூடாது. ஏறினா ரத்தம் கக்கிச் சாவாங்கன்னு ஊரே நம்புச்சு.

ம்?

ஒருநாள் சுடர் முற்றத்துல துணி காயப் போட்டுட்டு இருந்தா. வீட்டுல மிளகாய் வறுத்த நெடி. அப்போ மேல இருந்து, "ஹச்!"

"பெரியம்மா, மச்சில யாரோ தும்முறாங்க."

"பூனை."

அப்புறம் ஒருநாள் தட்டு கீழ வந்துது. கன்னி சாப்பிட்டுட்டான்னு பெரியம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. சுடர் கழுவப் போனா, தட்டோரத்துல சப்பித் துப்பின முருங்கைக்காய்ச் சக்கை! சாமி சோறு சாப்பிடும், சரி. முருங்கைக்காயைச் சப்புமா?

அப்புறம் மூணாவதுதான் பெரிசு. ஆடி கடைசி வெள்ளி நெருங்கிடுச்சு. இத்தனை வருஷமா வீட்டுல பொண்ணு இல்லாததால பழைய துணியை ஆத்துல விட்டுட்டு இருந்தாங்க. இப்போ பொண்ணு வந்தாச்சு, வழக்கத்தை விட முடியாதே! பெரியம்மா துணியை அலசி, மஞ்சள் தடவி, மடிச்சுக் கொண்டு வந்தாங்க. "பூசைக்கு இதைத்தான் கட்டணும். ஒரு வருஷம் கன்னி பெட்டியில இருந்தது."

சுடர் கதவைச் சாத்திட்டு ரவிக்கையைப் போட்டுப் பாத்தா. தொளதொளன்னு விழுந்துது. பக்கத் தையலைப் பிரிச்சு அகலமாக்கியிருந்தாங்க. அக்குள்ல வேர்வைக் கறை. பாவாடை விளிம்பு தேஞ்சு, கிழிஞ்ச இடத்துல நுணுக்கமா ஒரு தையல். பெட்டிக்குள்ள சும்மா கிடந்த துணியை யாரு இப்படித் தேய்ச்சது? பதினாறு வயசுல செத்த பொண்ணுக்கு, செத்தப்புறம் இடுப்பு பெருக்குமா?

அவளுக்கு உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. பேய்னு நினைச்சு இல்ல. பேய்னா திருநீறு பூசிட்டுப் படுத்துடலாம். மேல இருக்கிறது மனுஷின்னா, கீழ இருக்கிறவங்க யாரு? பேயா? கட்டிப் போட்டுட்டுக் கும்பிடுறவங்ககிட்ட இருந்து தப்பிக்க எந்தத் திருநீறைப் பூசுறது?

என்ன கேட்ட? மேல இருக்கிறவங்க எங்க குளிப்பாங்கன்னா? சபாஷ். அந்த ஊர்ல இத்தனை வருஷமா ஒருத்தரும் இதைக் கேக்கலை. மச்சு ஓரத்துல ஒரு தண்ணித் தொட்டி கட்டி வச்சிருந்தாங்க. கேள்வி கேக்கத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி அன்னிக்கே அந்த வீட்டுல இருந்திருந்தா, இந்தக் கதையே இல்ல.

அப்புறம், உலகம்மைக்கு முழங்கால் வலி. படி ஏறினா மடக் மடக்னு சத்தம். "ஏட்டி, இன்னிக்குத் தட்டை நீ கொண்டு போ. கதவுக்குக் கீழ ஒரு சந்து இருக்கும், அதுல தள்ளிட்டுத் திரும்பிப் பாக்காம வா"ன்னாங்க. முழங்கால் வலி வந்ததும் ரத்தம் கக்குற சாபம் எங்க போச்சோ!

சுடர் ஏறினா. கிறீச், கிறீச். கதவுல பூட்டு இல்ல, வெளித் தாழ்ப்பாள் மட்டும். ஊரே பயப்படும்போது பூட்டு எதுக்கு? தட்டைத் தள்ளினா. உள்ளே இருந்து ஒரு கை வந்துது. அப்படியே நின்னுடுச்சு.

"இது உலகம்மை கை இல்லியே. யாரு?"

"சுடர்க்கொடி. சின்னத்துரை மக."

"சின்னவனுக்கு இவ்வளவு பெரிய பொண்ணா! அவன் எப்படி இருக்கான்?"

"அப்பா ரெண்டு மாசத்துக்கு முன்னால இறந்துட்டாங்க."

தட்டைத் தொடாமலே கை உள்ளே போயிடுச்சு. அப்புறம், "என்கிட்ட யாரும் சொல்லலையே"ன்னு ஒரு குரல்.

சுடர் தாழ்ப்பாள்ல கை வச்சா. "வெளிய வந்துடுறீங்களா?"

"தொடாதே. செத்தவ எங்கே வர்றது?"

மறுநாள் மத்தியானம் திரும்பவும் போனா. "உங்களை ஏன் இங்க வச்சாங்க?"

"எனக்குப் பிடிச்ச ஒருத்தனோட போனேன். வேற சாதி. ரெண்டே நாள்ல பிடிச்சுக் கொண்டு வந்துட்டாங்க. அடுத்த தெருவுக்குத் தெரியறதுக்கு முன்னால, நான் காய்ச்சல்ல செத்துட்டேன்னு அண்ணன் சொல்லிட்டான். எனக்கே அழுகைச் சத்தம் கேட்டுதுன்னா பாத்துக்கோ. கீழ ஒப்பாரி வைக்கிறாங்க, நான் மேல உக்காந்து கேக்கிறேன்."

"இப்போ வர்றீங்களா?"

"இங்க இருந்தா நான் சாமி. அங்க வந்தா ஓடிப்போனவ. நீயே சொல்லு, எது மேல்?"

சட்டுனு பதில் சொல்லக் கூடிய கேள்வியா அது? சுடர் தட்டை எடுத்துட்டு இறங்கிட்டா.

மூணாவது நாள் அவ 'வாங்க'ன்னே சொல்லலை. கதவுக்கு முன்னால உக்காந்துக்கிட்டா.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. பெரியம்மாவுக்கு அருள் வரும். 'இந்தப் பொண்ணு படிக்கப் போகக் கூடாது, வாசப்படி தாண்டக் கூடாது, இங்கயே இருந்து எனக்குச் சேவை செய்யட்டும்'னு சொல்வாங்க. இன்னிக்குக் காலையில பெரியப்பாவும் அவங்களும் பேசிக்கிட்டாங்க, கேட்டேன். அவங்களுக்கு முழங்கால் முடியல. இனிமே உங்களுக்குச் சோறு நான்தான் கொண்டு வரணும். நீங்க உள்ளே, நான் வெளியே. எனக்கு வயசாகிற வரைக்கும்."

உள்ளே வளையல் லேசா "கிணிங்"குன்னுச்சு.

"அருள் வந்து யாரு பேசுறதா?"

"நீங்கதான். வடிவு பேசுறதா."

"என் வாய் இங்கதானேடி இருக்கு?"

சுடர் எந்திரிச்சா. தாழ்ப்பாளை இழுத்தா. "டக்." கதவைத் திறக்கலை. திறந்து கையைப் பிடிச்சு இழுத்தா, அதுவும் இன்னொரு ஆள் இழுக்கிறதுதானே? சும்மா இழுத்து விட்டுட்டு இறங்கி வந்துட்டா.

தூங்கிட்டியா? ம். சரி.

வெள்ளிக்கிழமை காலையில சொந்தக்காரங்க எல்லாரும் முற்றத்துல கூடிட்டாங்க. சாம்பிராணிப் புகை. உடுக்கு "டுகு டுகு டுகு". பொம்பளைங்க "லுலுலுலு"ன்னு குலவை போட்டாங்க. தொளதொளத்த ரவிக்கையில ஊசி குத்திக்கிட்டு சுடர் நடுவுல நின்னா. மேல பாத்தா, படியில யாரும் இல்ல.

உலகம்மை தலையை விரிச்சுப் போட்டு ஆடினாங்க. முழங்கால் வலி அப்போ இல்ல.

"சொல்லு தாயே"ன்னாரு ஆவுடையப்பன்.

"இந்தப் பொண்ணு... வாசப்படி... தாண்டக் கூடாது! எனக்குச் சேவை..."

கிறீச்.

உடுக்கு நின்னுடுச்சு.

கிறீச். கிறீச்.

இருட்டுல வச்சு வளத்த முளைப்பாரி மாதிரி வெளுத்துப்போய் ஒரு பொம்பளை படியில இறங்கி வர்றா. பாவாடை தாவணி, ஆனா தலையில நரை. ஒரு கிழவி, "ஐயோ, வடிவு!"ன்னு கத்தினா. "சாமியும் நம்ம கூடயே வளந்திருக்கா பாருங்கடி!" தொபுக்குனு எல்லாரும் தரையில விழுந்தாங்க. அதுல ரெண்டு பேர் அந்தக் காலை உத்துப் பாத்தாங்க. கால்ல வெடிப்பு இருந்துது. பாத்துட்டும் கும்பிட்டாங்க.

ஆவுடையப்பன் மட்டும் நின்னாரு. வாயைத் திறந்தாரு. என்ன சொல்றது? 'இது சாமி இல்ல, என் தங்கச்சி, உயிரோடதான் இருக்கா'ன்னா? சொன்னா, இத்தனை வருஷம் அவ எங்க இருந்தான்னு கேப்பாங்களே. அவர் வாயை மூடினாரு. அப்புறம் மெதுவா முழங்கால் மடக்கி, தங்கச்சி கால்ல விழுந்தாரு.

வடிவு அவரைப் பாக்கவே இல்ல. உலகம்மைகிட்ட போனா. "ஆடினது போதும் மதினி. உக்காரு."

அருள் இறங்கி உலகம்மை உக்காந்துட்டாங்க.

"நான் வெளிய போறேன். இந்தப் பிள்ளையும் என்கூட வருது. இது படிக்கும். யாரும் தேடி வரக் கூடாது. வழி விடுங்க."

சாமி சொன்னா மறுக்க முடியுமா? தேர் வர்ற தெரு மாதிரி கூட்டம் ரெண்டா விலகிடுச்சு. வாசப்படி வந்ததும் வடிவு நின்னுட்டா. அந்தப் பக்கம் வெள்ளை வெயில். சுடர் தாண்டிப் போய் வெயில்ல நின்னா, ஆனா கையை நீட்டலை. காத்துக்கிட்டே நின்னா. ரொம்ப நேரம். அப்புறம் வடிவு காலைத் தூக்கி வச்சா.

தெரு தாண்டினா பெரிய ரோடு. வடிவுக்கு வெயில்ல கண்ணு கூசுது. "பாம்... பாம்..."னு சத்தம், எந்தப் பக்கம்னு தெரியல. நடு ரோட்டுல நின்னுட்டா. ஒரு லாரி "கிறீ..."ன்னு பிரேக் போட்டு நின்னுது. டிரைவர் தலையை வெளிய நீட்டி, தொண்டை கிழியக் கத்தினான்.

"ஏ கிழவி! சாகிறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா? வீட்டுல சொல்லிட்டு வந்தியா?"

சுடர் பயந்து ஓடி வந்து கையைப் பிடிச்சா. அழறாங்களோன்னு முகத்தைப் பாத்தா. இல்ல. வடிவு சிரிக்கிறா. சாமியை யாரும் திட்ட மாட்டாங்க. செத்தவளையும் திட்ட மாட்டாங்க. இத்தனை வருஷத்துல அவளை மனுஷின்னு நினைச்சுத் திட்டின முதல் ஆள் அவன்தான். வயிறு குலுங்கச் சிரிச்சுக்கிட்டே லாரியைப் பாத்துச் சொன்னா:

"சொல்லிட்டுத்தான் வந்தேன்டா!"

அவ்வளவுதான். அவங்க ரெண்டு பேரும் ரோட்டைத் தாண்டிட்டாங்க, கதையும் தாண்டிடுச்சு. இனி நீ கண்ணை மூடு.