உலகன் போட்ட தண்டோரா

ஏரிக்கரை ஜமீனில் தண்டோரா போடுகிற வேலை உலகனுக்கு. போன மழைக்காலத்தில் காரியஸ்தர் சிவக்கொழுந்து சொன்னபடி தெருத்தெருவாக அறிவித்தான்: "கரை காக்க வருகிறவர்களின் பிள்ளைகளைத்தான் அரண்மனைப் படகு முதலில் ஏற்றும்!" நம்பி அறுபது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். படகில் ஏறியதோ காரியஸ்தர் வீட்டு ஊஞ்சலும் பீரோவும். பிள்ளைகள் இரண்டு நாள் கூரைமேல் நனைந்து கிடந்தார்கள்.

இந்த மழையிலும் கரை கசிந்தது. உலகன் தமுக்கடித்துக் கை ஓய்ந்தான். ஒரு கதவும் திறக்கவில்லை. அரண்மனைக் காவலாட்களே நழுவிவிட்டார்கள்.

"உச்சிப்பொழுதுக்குள் ஆள் வராவிட்டால் உனக்கு வேலை இல்லை!" என்று நடுத்தெருவில் கத்தினார் காரியஸ்தர்.

"வருவார்கள் ஐயா. 'ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஏறிய பிறகுதான் காரியஸ்தரின் பிள்ளைகள் படகேறுவார்கள்' என்று அறிவிக்க மட்டும் உத்தரவு கொடுங்கள்."

"என் பிள்ளைகளா? அதற்குள் வெள்ளம் வந்துவிட்டால்?" என்று பதறினார் அவர்.

கதவுகளுக்குப் பின்னால் ஊரே சிரித்தது. காரியஸ்தர் தலை குனிந்து போனார். உலகன் கையெடுத்துக் கும்பிட்டான். "அவருக்காக வேண்டாம், நமக்காகவாவது வாருங்கள்."

"போன தடவையும் உன் வாய்தானே சொன்னது?" என்றாள் அந்தத் தெருப் பெண் பூவரசி, மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து.

அவன் மண்வெட்டியோடு தனியாகக் கரைக்குப் போனான். பொழுது சாய்வதற்குள், "கரை உடைந்துவிட்டது, மேட்டுக்கு ஓடுங்கள்!" என்று அலறிக்கொண்டே திரும்பி ஓடிவந்தான்.

ஆள் பிடிக்க இன்னொரு தந்திரம் என்று நினைத்து, ஊர் உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டது.