உலகம் முடியும் வியாழக்கிழமை

செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிறிய கிறிஸ்தவ சபை. அதன் குருவானவர் மாசிலாமணி. அந்தப் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவரிடம் வேதம் கற்றவர் ஞானாபரணம், பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆனாலும் ஐயர் முன்னால் ஞானாபரணம் உட்கார்ந்து பேசியதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஞானாபரணம் ஐயர் வீட்டுக்கு வந்தார். கக்கத்தில் சுருட்டிய வெள்ளைத் துணி. பின்னாலேயே அவர் மனைவி பொன்மலர்.

"ஐயா, நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாம்" என்றார் ஞானாபரணம்.

அவர் மகள் லீதியாளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்ட பிறகே கல்யாணம். இரண்டு ஓலை ஆகியிருந்தது.

"மாப்பிள்ளை சரியில்லையா?"

"தங்கமான பையன்."

"பிறகு?"

"உலகம் முடியப் போகுது ஐயா. செப்டம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை."

"முடியட்டும்" என்றாள் பொன்மலர். "அதுக்கு முந்தி எம்பிள்ள கழுத்துல தாலி ஏறட்டும். நாளைக்கு ஓலை வாசிக்கலைன்னா வேற இடம் பாத்துக்கிடுதோம்னு மாப்பிள்ள வீட்டுல சொல்லிட்டாங்க ஐயா. புள்ள நேத்துலேருந்து சாப்பிடல."

ஐயர் சிரிக்கவில்லை.

"துணியில என்ன?"

ஞானாபரணம் விரித்தார். கூடம் முழுக்க நீண்டது. வேதத்தில் வரும் மிருகங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு தலைக்கும் ஒரு ராஜ்யம், ஒவ்வொரு கொம்புக்கும் ஒரு ராஜா. பாபிலோனில் தொடங்கி, ரோமாபுரியைக் கடந்து, போன மாதம் மூண்ட சண்டை வரை வந்திருந்தது. ஒவ்வொன்றின் கீழும் வசனம். கடைசியில் ஒரு சிவப்புக் கட்டம். அதற்கு அப்பால் வெறும் துணி.

ஐயர் முட்டி போட்டு, தவழ்ந்தபடியே முழுவதையும் வாசித்தார். நடுவில் சந்தேகம் கேட்டார். ஞானாபரணம் வசனம் சொன்னார். ஐயர் தலையாட்டிவிட்டு மேலே நகர்ந்தார்.

இந்தத் துணியைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான்.

"ஆண்டவர் திரும்ப வருவார், வருவார்னு ஞாயிறுதோறும் நான் பிரசங்கம் பண்ணுதேன்" என்றார் ஐயர். "பண்ணிட்டு வந்து மோட்டு ஓடு மாத்த ஆள் தேடுதேன். நீர் ஒருத்தர்தான் அதைக் கேட்டு, வீட்டுக்கு வெள்ளையடிக்காம இருக்கீரு."

"அது கஞ்சத்தனம் ஐயா" என்றாள் பொன்மலர்.

"அப்போ கணக்கு சரிதானா?" என்றார் ஞானாபரணம்.

"எனக்குத் தெரியாது. ஒண்ணு கேக்கேன். வியாழக்கிழமை அவர் வரணும்னு ஆசையா, உம்ம கணக்கு பலிக்கணும்னு ஆசையா?"

கொம்பு வரையும்போதெல்லாம் ஞானாபரணம் தன்னையே கேட்டு, பதில் வருமுன் அடுத்த கொம்புக்குப் போய்விடும் கேள்வி அது.

ஐயர் கையை நீட்டினார். "பேனாவைத் தாரும்."

வாத்தியார் சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனா எப்போதும் இருக்கும். ஐயர் அதை வாங்கி, கடைசிக் கட்டத்துக்குள் நிதானமாக எழுதினார்.

'லீதியாள் கல்யாணம். காலை பத்து மணி.'

பொன்மலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னைக்கேவா!" என்றார் ஞானாபரணம்.

"வேதத்துல அவருக்கு என்ன பேரு, வாத்தியாரே?"

"எத்தனையோ பேர் இருக்கு ஐயா. மணவாளன்..."

"மணவாளன் வார அன்னைக்கு உம்ம வீட்டுல பந்தல் போட்டிருந்தா, கோபமா படுவாரு?"

ஞானாபரணம் குனிந்து துணியைப் பார்த்தார். மை காயவில்லை. மகளின் பெயர் நூலிழை வழியாகக் கசிந்து, கட்டத்தைத் தாண்டி, வெறும் துணியில் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.

குனிந்தபடியே கேட்டார்.

"பந்தி நடக்கும்போது நிஜமாவே வந்துட்டார்னா, ஐயா?"

ஐயர் பேனாவை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"ஒரு இலை கூடுதலாப் போடும்."