எண்பத்தெட்டாம் எண்ணின் ரத்தம்

இந்தக் கதையில் மூன்று பேர் மூன்று வழி சொல்வார்கள். மூன்றையும் காதில் வாங்கிக்கொண்டு தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடியில் ஓர் ஆய்வு மையம். எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் பி கிருமியும் ஒரே உடம்பில் குடியேறினால் கல்லீரல் என்ன பாடுபடுகிறது என்பதை டாக்டர் நாச்சியார் ஆறு வருடமாக அங்கே ஆராய்ந்துவந்தார். இரண்டு கிருமியும் உள்ள இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் கொடுத்திருந்த வாக்கு இது: "உங்கள் ரத்தத்துக்கு எண் மட்டும்தான். அது யாருடையது என்று ஆய்வு முடியும்வரை நானே தெரிந்துகொள்ள மாட்டேன்."

பெயர்ப் பதிவேடு ஆலோசகர் செபஸ்தியம்மாளின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. நோயாளிகளிடம் எண் எழுதிய அட்டை இருந்தது. மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் காத்திருப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரத்தம் சோதிக்கும் பர்க்கத்துல்லா ஒரு தாளைக் கொண்டுவந்து நாச்சியாரின் மேசையில் வைத்தார்.

"எண்பத்தெட்டுல பி கிருமி இல்ல மேடம்."

"குழாய் மாறியிருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணு தடவை ஓட்டிட்டேன். மெஷினுக்கும் எனக்கும் சண்டையே வந்துட்டு. எச்.ஐ.வி. இருக்கு, பி போயிட்டு. எதிர்ப்புச் சக்தியும் வந்திருக்கு."

மாத்திரை பி கிருமியை அடக்கி வைக்கும். அடியோடு போவது அபூர்வம். நாச்சியாருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கிருமியை விரட்டிய வெள்ளை அணுக்களை உயிரோடு பிடித்துவிட்டால், விரட்டிய விதம் தெரிந்துவிடும். ஆறு வருடம் தேடியது அதைத்தான். ஆனால் அந்த அணுக்கள் இன்னும் மூன்று வாரம் ரத்தத்தில் தென்பட்டாலே அதிகம். எண்பத்தெட்டு மறுபடி ரத்தம் கொடுக்கவோ ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது.

இரண்டிரண்டு படியாக இறங்கிப்போய் செபஸ்தியம்மாளின் அறைக்குள் நுழைந்தார்.

"பதிவேட்டை எடுங்க. ஒரே ஒரு பேரு. நான் பார்த்தது நமக்குள்ளேயே இருக்கும்."

"வாக்குக் கொடுத்தது நீங்க, டாக்டரம்மா. நான் பூட்டுக்குத்தான் பொறுப்பு."

"அப்போ நீங்களே ஒரு போன் போடுங்க."

"வீட்டுக்குப் போன் வரக்கூடாதுன்னு சொல்லித்தானே சேர்ந்திருக்காங்க."

பின்னாலேயே வந்த பர்க்கத்துல்லா குறுக்கிட்டார். "பேரே வேண்டாம். எண் 88 உடனே வரவும்னு கூடத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டுவோம். வாக்கும் உடையாது."

"மடியில கெடக்க அட்டை பக்கத்து சீட்டுக்காரர் கண்ணுல படாதாக்கும்? பேசாம மைக் செட் கட்டிருங்க தம்பி."

"சரி, நீங்க ஒரு வழி சொல்லுங்க," என்றார் நாச்சியார்.

"மாத்திரைப் பொட்டலத்தோட ஆளுக்கொரு ஒட்டின கவர். இருநூத்திப் பன்னிரண்டும் ஒண்ணு போல. மத்தவங்களுக்கு உள்ள வழக்கமான தேதி இருக்கட்டும். எண்பத்தெட்டுக்கு மட்டும் விஷயத்தை எழுதுங்க. பி கிருமி போயிட்டு, ஆனா மாத்திரையை நிறுத்தாதீங்க, இஷ்டம் இருந்தா ரத்தம் கொடுக்க வாங்கன்னு."

"நேத்துதான் மாத்திரை வாங்கிட்டுப் போயிருந்தா? கவர் கைக்குக் கிடைக்கவே ஒரு மாசம் ஆயிடும். எல்லாம் போச்சு. எப்போ வருவாருன்னாவது சொல்லுங்க."

"தேதியைச் சொன்னா ஆளைச் சொன்ன மாதிரிதான் டாக்டரம்மா. போனாலும் போகலாம்."

நாச்சியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று வாரம் அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது.

பதிவேடா, நோட்டீஸா, கவரா? மூவரில் யார் சொன்ன வழி சரி?

விடை: செபஸ்தியம்மாள் சொன்னதுதான். பதிவேட்டைத் திறந்தால் வாக்கு உடையும். நோட்டீஸ் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இவை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற குறைகள். இன்னொன்றும் உண்டு. தன் உடம்பிலிருந்து ஒரு கிருமி ஒழிந்தது என்ற சேதி எண்பத்தெட்டுக்குச் சொந்தமானது. முதல் இரண்டு வழியிலும் அது அவர் காதுக்குப் போகுமுன்பே அவரைப் பிடித்துவிடுகிறார்கள். கவரில் மட்டும்தான் சேதி முதலில் அவருக்குப் போகிறது. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு இடமும் இருக்கிறது. கவர்தான் போனது; பதினெட்டாம் நாள் அவர் வந்து ரத்தம் கொடுக்கக் கை நீட்டினார். வராமலே போயிருந்தாலும் விடை இதுதான்.