ஐந்து வருட வெள்ளிக்கிழமை

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜெபராணிக்கு வயது முப்பத்திமூன்று. அவளுடைய ஒரே சீடர் பலவேசத்துக்கு அறுபத்தொன்று. டெலிபோன் கம்பத்தில் ஏறி ஏறியே பணிக்காலத்தை முடித்த மனிதர், ஓய்வுபெற்ற மறுவாரமே அவள் கடை வாசலில் வந்து நின்றார். "எனக்கும் இதக் கத்துக்குடுங்க" என்றார். விளையாட்டாக "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது.

சேர்ந்த அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டார்.

"குருவே, ஒரு வீட்ல எந்த வெப்சைட்டும் தொறக்க மாட்டேங்குன்னு வைங்க. மொதல்ல எதப் பாக்கணும்?"

"எது தொறக்குதோ அதப் பாருங்க அண்ணாச்சி."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் பலவேசம். சிரித்தும் வைத்தார்.

ஆறு மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதல்முறையாக அவரைத் தனியாக அனுப்பினாள் ஜெபராணி. ஜோசியர் ஆதிமூலம் வீடு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை மிடுக்கோடு போனார் பலவேசம். போன அரைமணி நேரத்தில் அந்த மிடுக்கெல்லாம் காற்றில் போய்விட்டது.

ஜோசியர் மகள் கோமதி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்ற பட்டியலை அன்று நாலு மணிக்குள் இணையத்தில் உறுதி செய்யவேண்டும். தவறினால் அவள் முறை போய்விடும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அது நடப்பதாக இல்லை. எந்தத் தளத்தைத் தட்டினாலும், 'பாதுகாப்பானதல்ல' என்று ஒரு சிவப்புப் பக்கம் வந்து குறுக்கே நின்றது. போனில் முயன்றால் பக்கம் பாதிதான் தெரிந்தது. கடைசியில் அமுக்கவேண்டிய பொத்தான் திரைக்கு வெளியே கிடந்தது. கடைசி நாள் என்பதால் நெட் சென்டரில் வரிசை தெருவரைக்கும்.

பலவேசம் எதையும் விட்டுவைக்கவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினார். மோடத்தை அணைத்துப் போட்டார். வைரஸ் காவல் சாப்ட்வேரைச் சற்று ஓரமாக உட்காரச் சொன்னார். தடுக்கப்பட்ட தளங்களின் பட்டியல் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று வரி வரியாகப் படித்தார். கடைசியில் தன் போனிலிருந்தே நெட் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் அதே சிவப்புப் பக்கம்.

"மாமா, மணி மூணு இருவது" என்றாள் கோமதி. குரல் உடைந்துவிட்டது.

பலவேசத்துக்கு உள்ளங்கை வேர்த்தது. கம்பத்து உச்சியில் ஒற்றைக் கயிற்றில் தொங்கியபோதுகூட இப்படி வேர்த்ததில்லை. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு குருவுக்குப் போன் போட்டார்.

மூன்று முப்பத்தைந்துக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜெபராணி ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். சிவப்புப் பக்கத்தைப் பார்த்தாள். பலவேசம் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டாள். மவுஸைத் தொடவேயில்லை.

"ஐயா, இந்தக் கம்ப்யூட்டர்ல எது ஒழுங்கா ஓடுது?" என்று ஜோசியரைக் கேட்டாள்.

"என் ஜாதக சாப்ட்வேர் ஓடுது. ஜம்முனு ஓடுது."

"அப்ப எங்க அண்ணாச்சிக்கு ஒரு ஜாதகம் போடுங்க."

பலவேசம் திடுக்கிட்டார். "குருவே! நேரம் என்னாகுது?"

"உங்க நேரத்தத்தான் பாக்கச் சொல்லுதேன். உக்காருங்க."

கோமதி அழுதே விட்டாள். ஜோசியருக்கு மட்டும் முகம் மலர்ந்தது. பிறந்த நாள், நேரம், ஊர் எல்லாம் கேட்டு வாங்கித் தட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் கட்டங்கள் வந்து விழுந்தன.

"கடக ராசி" என்றார் ஜோசியர்.

"அது எனக்கே தெரியும். அஷ்டமச் சனில கெடந்து படாதபாடு படுதேன். இன்னைக்குப் படுதத நீங்களே பாக்கியளே."

"இன்னைக்குக் கிரகமெல்லாம் எங்கெங்க இருக்குன்னு காட்டுங்க" என்றாள் ஜெபராணி.

இன்னொரு கட்டம் வந்தது. பலவேசம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

"யோவ் ஜோசியரே! சனி தனுசுல நிக்காரு!"

ஜோசியர் தொண்டையைச் செருமினார். "அது கொஞ்சம் பழசுதான். நான் பலன் சொல்லும்போது மனசுக்குள்ள கும்பத்துக்குத் தள்ளிக்கிடுவேன்."

"தள்ளிக்கிடுவியளா? அவரு தனுசுல இருந்து அஞ்சு வருசமாச்சே! அப்ப இந்தக் கம்ப்யூட்டர்ல இன்னைக்கு என்ன தேதி?"

தேதி தெரியவேண்டிய இடத்தில், திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில், ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் இருந்தது. பலவேசம் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகத்தால் அதை உரித்தார். ஜூன் பதினாலு, இரண்டாயிரத்துப் பத்தொன்பது. வெள்ளிக்கிழமை.

ஜோசியர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முப்பது நாள் ஓசின்னு சொல்லித்தான் அந்த சாப்ட்வேரைக் குடுத்தாம். அது முடிஞ்சிரக் கூடாதுல்லா? அதாம் தெனமும் காலைல குளிச்சு, துன்னூறு பூசி, தேதியப் பழையபடி திருப்பி வச்சிருவேன். வாறவங்க கண்ணுல படாம இருக்கணும்னு பிள்ளையாரை ஒட்டுனேன். நேத்து வரைக்கும் இந்த வீட்டுக்கு நெட் கெடையாது. ஒரு தொந்தரவும் இல்ல."

பலவேசத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒவ்வொரு தளமும் கையில் ஒரு சான்றிதழோடுதான் வாசலுக்கு வருகிறது என்று குரு சொல்லியிருந்தாள். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்குமாம்.

"புரிஞ்சிட்டு குருவே! இதுக்கு இன்னும் பத்தொம்பதாம் வருசம். சான்றிதழெல்லாம் இந்த வருசத்துது. பொறக்காத பிள்ள வந்து கதவத் தட்டுனா எவன் தொறப்பான்?"

"பேசிக்கிட்டே நிக்காதீங்க அண்ணாச்சி. மாத்துங்க."

மாற்றினார். அவசரத்தில் வருடத்தை இரண்டு தடவை அடிக்கவேண்டியிருந்தது. சிவப்புப் பக்கம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கல்லூரிகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

"வந்துட்டு! வந்துட்டு!" என்று கோமதி குதித்தாள். அவளைவிட ஒரு சாண் உயரமாகக் குதித்தார் பலவேசம்.

மணி மூன்று ஐம்பத்தொன்று. கோமதி பட்டியலை மேலிருந்து கீழ்வரை சரிபார்த்தாள். ரகசிய எண் அப்பாவின் போனுக்கு வரவேண்டும். வரவில்லை. எல்லோரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று ஐம்பத்தாறுக்கு அது சிணுங்கியது. ஜோசியர் கண்ணாடியைத் தேட, பலவேசம் போனைப் பிடுங்கி ஒவ்வோர் எண்ணாக உரக்கக் கத்தினார்.

கோமதியின் விரல் பொத்தானுக்குப் போனது.

"ஏட்டி, நில்லு" என்றார் ஜோசியர். "செவ்வாக்கெழம. நாலரை வரைக்கும் ராகு காலம்."

கோமதி திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"அஞ்சு வருசமா இந்த வீட்ல வெள்ளிக்கெழமதானப்பா!"

அமுக்கிவிட்டாள். பச்சை எழுத்தில் 'உறுதி செய்யப்பட்டது' என்று வந்தது. மூன்று ஐம்பத்தெட்டு. பலவேசம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தான் பெற்ற பிள்ளைக்கே இடம் கிடைத்துவிட்டது போல இருந்தது.

"குருவே, எல்லாத்தையும் பாத்தேனே. தொறக்கறத மட்டும் பாக்கலையே. மொத நாளே சொன்னியளே!"

ஜெபராணி ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜோசியர் மெல்ல மவுஸ் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"அம்மா, வேல முடிஞ்சிருச்சில்லா? தேதியப் பழையபடி திருப்பி வச்சிரட்டுமா? நாளைக்கு ஒரு கல்யாணப் பொருத்தம் பாக்கணும்."

"வச்சிக்கிடுங்க ஐயா" என்றாள் ஜெபராணி. "அந்தத் தேதில கோமதி எட்டாங்கிளாஸ். நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போறதுக்கு அந்த யூனிபாரத்த எடுத்துத் தேய்ச்சு வைங்க."