கூட்டாமல் விட்ட மூலை

புயல் ஓய்ந்த காலையில் சொரிமுத்துவுக்கு அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது.

விளக்கு ஏற்றும் அறைக்கு முன்னால் நின்ற பெரிய நாங்கு மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் கொட்டையை ஆட்டி எடுத்த எண்ணெயில்தான் அந்த மலை மடத்தில் விளக்கு எரியும். வேறு எண்ணெய் விடுகிற வழக்கமில்லை. மரம் போய்விட்டது. இனி அதைச் சுற்றிக் கூட்டமாக நிற்கிற கன்றுகள்தான் கதி. அவையும் லேசுப்பட்டவை அல்ல. சொரிமுத்து மடத்துக்கு வந்த வருடம் முழங்கால் உயரம் இருந்தன, இப்போதும் முழங்கால் உயரம்தான். நிழலில் நின்றுகொண்டு, வளரவும் மாட்டேன் சாகவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கிற இனம்.

சொரிமுத்துவும் அந்த இனம்தான் என்று மடத்தில் கேலி உண்டு. அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இசக்கியம்மாள் இறந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மலையேறி வந்தார். மடத்தை நடத்துகிற பூரணத்தம்மாள் அவரைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் குரு குருதானே. வந்த அன்றே விழுந்து கும்பிட்டுக் கேட்டார்.

“மனசுல கெடக்கறத எப்படிம்மா கூட்டித் தள்ளுறது?”

அம்மாள் மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். புதிதாக வருகிறவருக்கு அங்கே அதுதான் வேலை, அடுத்த ஆள் வரும்வரை. அடுத்த ஆள் வரவே இல்லை. சொரிமுத்து கூட்டிக்கொண்டே இருந்தார். முற்றத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்கிற அளவுக்குக் கூட்டினார். இசக்கியம்மாள் மட்டும் மனசில் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அவள் திதி வரும்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்பார். அம்மாள் எழுந்து வேலையைப் பார்க்கப் போவார்.

இப்போது கன்றுகளைக் காணவே காணோம். சாய்ந்த மரத்தின் கிளைகளும் பக்கத்து மரங்களின் ஒடிந்த கொப்புகளும் அவற்றை மூடிக் கிடந்தன. சொரிமுத்து வெட்டரிவாளோடு இறங்கினார்.

அம்மாள் கூரை போன அடுக்களையிலிருந்து பானைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். வேலையில் அவருக்கும் இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது.

“கொஞ்ச நாள் கெடக்கட்டும் அண்ணாச்சி.”

“குப்பையில என்னம்மா இருக்கு? பாவம், கன்னுக மூச்சு முட்டிப் போயிரும்.”

அம்மாள் அடுத்த பானையை எடுக்கப் போனார்.

பொழுது விடிந்தால் அதே வேலையாக நின்றார் சொரிமுத்து. கிளைகளை வெட்டி இழுத்து ஓடையோரம் போட்டார். வளைந்த கன்றுக்குக் குச்சி நட்டு வாழைநாரால் கட்டினார். இலை மேல் இருந்த மண்ணைக்கூடத் துடைத்துவிட்டார். கடைசியில் விளக்குமாறு போட்டு ஒரு சருகு இல்லாமல் கூட்டினார். மேற்கு மூலை மட்டும் பாக்கி இருந்தது. அங்கே போகிற அன்று உடம்பு கொதித்தது. கண்ணைத் திறக்க முடியாத காய்ச்சல். படுத்துவிட்டார்.

படுத்த இடத்திலும் மேற்கு மூலைதான் அவரை அரித்தது. அரைகுறையாக விட்டுவிட்டோமே என்று புலம்பினார். அம்மாள் கஞ்சி கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் எழுந்து நடமாடியபோது மழைக்காலமே முடிந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

பெரிய மரம் இருந்த இடத்தில் வானம் இருந்தது. அதிலிருந்து வெயில் நேராக இறங்கியது. அவர் துடைத்துவைத்த கன்றுகள் அத்தனையும் கருகி, குச்சியில் கட்டினபடியே நின்றன. ஓர் இலையைத் தொட்டார். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

பிறந்ததிலிருந்து நிழலையே பார்த்தவற்றை ஒரேயடியாக வெயிலில் நிறுத்தியது யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அறைக்குப் போய்ப் பையை எடுத்தார். மடத்தை விட்டுப் போகிறவர் தன் வேலைக்கான சாமானைக் குருவின் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அம்மாள் முன்னால் வந்து நின்றார்.

“நான் போறேன்மா.”

“எங்க?”

“தெரியல. கன்னுகளக் கருக்கி வெளக்கையும் அணைச்சுட்டேன். வந்த காரியமும் ஆகல. முடியலம்மா.”

அம்மாள் விளக்குமாற்றை வாங்கிக்கொள்ளவில்லை.

“அன்னைக்கே என்னை அதட்டி நிறுத்தியிருக்கலாம்லா?” என்றார் சொரிமுத்து.

“எனக்கும் அரைகுறையாத்தான் தெரியும் அண்ணாச்சி. அதட்டவும் தெம்பில்ல.”

அம்மாள் எழுந்தார்.

“மேக்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

மேற்கு மூலையில் கிளைகள் விழுந்தபடியே கிடந்தன. அவற்றின் இலை வாடி, சுருண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்திருந்தது. அந்த இடைவெளிகளில் வெயில் சல்லடையில் சலித்த மாவு போல விழுந்தது. அம்மாள் குனிந்து ஒரு கொப்பை மெல்லத் தூக்கினார்.

தடித்த கிளையின் அடியில் சில கன்றுகள் நசுங்கி அழுகியிருந்தன. அம்மாள் அவற்றையும் மறைக்கவில்லை. பக்கத்திலேயே ஒன்று, முதுகு வளைந்தபடி, சிவப்புத் தளிர் விட்டிருந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. உள்ளே பார்க்கப் பார்க்கச் சிவப்பாக இருந்தது. தன் முழங்காலுக்கு மேல் ஒரு நாங்குக் கன்று வளர்ந்து சொரிமுத்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இதுகள யாரும்மா காப்பாத்துனா?”

“உங்க காய்ச்சல்தான்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்று அழுகையாக மாறியது. புயல் அடித்த அன்று வராதது, இசக்கியம்மாளைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் வராதது, இப்போது வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மாள் கொப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டவர், பழக்கதோஷத்தில் வளைந்த கன்றின் மேலிருந்த சருகைத் தள்ளிவிடக் கையை நீட்டினார். பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டார்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“இசக்கி போகவே மாட்டேங்கா. அன்னைக்குக் கேட்டதுதான். மனசுல கெடக்கறத என்ன செய்யட்டும்?”

அம்மாள் கொப்பைப் பழையபடி, கன்றின் மேல் படாமல், மெல்லத் தாழ்த்தி வைத்தார்.

“அதுவும் கெடக்கட்டும் அண்ணாச்சி.”